வியாழக்கிழமை வரவேண்டியவர்

அத்தியாயம் 17

மார்ச் மாதம் ஏணியிலிருந்து விழுந்ததில் உடைந்த கிளைவ் மேடக்கின் மூன்று விலா எலும்புகளும் கூடிவிட்டன. பேச்சுதான் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் கூரை, மழை, கிரிக்கெட் என்று ஓயாமல் பேசுகிற மனிதர், இந்த இரண்டு மாதமாக "ம்", "சரி", "உன் இஷ்டம் கிளென்" என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

வலி இருக்கும் என்று கிளெனிஸ் நினைத்தாள். அறுபத்தெட்டு வயதில் விழுந்து எழுந்தவர். அதிலும் அவள் சந்தைக்குப் போயிருந்த வியாழக்கிழமையாகப் பார்த்து விழுந்து, முற்றத்தில் இரண்டு மணி நேரம் தனியாகக் கிடந்தவர். பக்கத்துப் பண்ணை ரெனே தற்செயலாக அந்த வழியே வந்து பார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை.

அதிலிருந்து அவரைத் தனியாக விடுவதில்லை. வியாழன்தோறும் சந்தைக்கும் கூடவே கூட்டிப் போனாள். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், மறுப்புச் சொல்லாமல் வந்தார். அவளுடைய ருபார்ப் ஜாம், வெங்காய சட்னிப் புட்டிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு அடிக்கும்வரை "வீட்டுக்குப் போகலாமா?" என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

விழுந்தாலும் விழுந்தார், மனுஷன் நல்லவிதமாக மாறிவிட்டார் என்று கிளெனிஸ் தன் தங்கைக்குக் கடிதம்கூட எழுதியிருந்தாள்.

* * *

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு கிளைவ் கார் சாவியை எடுத்தார். அன்று, இங்கிலாந்திலிருந்து அவர்கள் ஓட்டிவந்த காருக்குப் பரிசோதனை.

"லைட்டைப் பாத்துத்தான் இந்தத் தடவையும் மூக்கைச் சுளிப்பான்."

"நம்ம லைட்டுக்கு என்ன குறைச்சல்?"

"பதினெட்டு வருஷமா பிரான்ஸ்ல ஓடுது. இன்னும் இங்கிலாந்து ரோட்டோரத்தையே பாக்குது, பாவம்."

இரண்டு மாதத்தில் அவர் அடித்த முதல் ஜோக். கிளெனிஸ் மனம் குளிர்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நினைத்துத்தான் அன்று பிற்பகல் முழுவதும் அவளுக்கு உடம்பு கூசியது.

கார் போனதும் தோட்டத்தில் இறங்கினாள். கடைசிப் பனி விழும் என்று இந்த ஊரார் சொல்லும், மே மாதத்துப் பனிப் புனிதர்கள் மூவரின் நாட்களும் சனிக்கிழமையோடு முடிந்திருந்தன. அதற்கு முன்னால் தக்காளி நாற்றை மண்ணில் இறக்கினால் ஒரே பனியில் கருகிவிடும் என்று ரெனேயின் மனைவி ஓடெத் வருஷா வருஷம் வேலிக்கு அப்பால் நின்று எச்சரிப்பாள். கிளெனிஸ் முதல் வருஷம் மட்டும்தான் கேட்காமல் போனாள்.

பதினோராவது நாற்றை நட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளை வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. சட்டைப்பையில் 'லாகோம்ப்' என்று பெயர் தைத்த ஒருவர் இறங்கினார்.

"பொன்ஷூர் மதாம். கழிவுநீர்ப் பிரிவுல இருந்து வர்றேன். செப்டிக் டேங்க் பாக்கணும்."

"ஓ, அதுக்குள்ள வந்துடுச்சா? போன தடவை வந்து ஆறு வருஷம்தான் ஆச்சு. ரசீது இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

வீட்டுக் காகிதம் ஒவ்வொன்றையும் தேதிப்படி அடுக்கி, மேலே ஊதா மையில் தலைப்பு எழுதி வைத்திருப்பாள் கிளெனிஸ். யாராவது கேட்டு எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம். லாகோம்ப் வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு தலையைச் சாய்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிறவர் போலக் குரலைத் தணித்தார்.

"உடம்பு இப்ப எப்படி இருக்கு மதாம்?"

"எனக்கா? நல்லாத்தான் இருக்கேன். முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு. குனிஞ்சு நட்டதுல."

"நீங்க உள்ள போய் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

"மூடி எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே. இந்த லாவண்டர் தொட்டிக்கு அடியில." அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்து நகர்த்தப் போனாள்.

"ஐயையோ, நீங்க தொடக் கூடாது!" லாகோம்ப் ஓடி வந்து தொட்டியைத் தானே கட்டித் தூக்கினார்.

எவ்வளவு மரியாதை தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"தேதி மாத்தினது சிரமமா போச்சா மதாம்? நாளைக்குத்தான் போட்டிருந்தோம். அப்புறம் பாத்தா நாளைக்கு விண்ணேற்றத் திருநாள், ஊரெல்லாம் லீவு. ஏசு மேலே போன சங்கதி எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியல." அவரே சொல்லி அவரே சிரித்தார். "போன வாரமே உங்க வீட்டு மெசியே போன்ல செய்தி விட்டாங்க ஆபீஸ்ல."

"அவர் போன்லயா விட்டீங்க? பிரெஞ்சுல செய்தி வந்தா அவர் போனையே என் கையில குடுத்துடுவாரே. நான்தான் கேட்டுச் சொல்லணும்." கிளெனிஸ் யோசித்தாள். "இது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?"

லாகோம்ப் மூடியைத் திறந்தார். நீளக் கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு சின்னச் சாயப் புட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"இதைக் கழிப்பறையில ஊத்தி, ரெண்டு தடவை தண்ணி விட்டுட்டு வர முடியுமா? மெதுவா போங்க, அவசரமில்ல."

அவள் போய் ஊற்றிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் தோட்டத்து மூலைக் குழாய் வழியாகத் தெருவோர வாய்க்காலில் பச்சைத் தண்ணீர் வந்து விழுந்தது. புல்லின் பச்சை இல்லை. கண்ணைக் குத்துகிற, இந்த நாட்டு மருந்துக்கடை வாசலில் எரியும் சிலுவை விளக்கின் பச்சை.

"இது வரக் கூடாது, இல்லையா?" என்றாள் கிளெனிஸ் கவலையோடு.

"வரக் கூடாதுதான். வடிகட்டாம நேரா வாய்க்காலுக்குப் போகுது." லாகோம்ப் அட்டையில் எழுதினார். "ஆனா நீங்க இதை மனசுல போட்டுக்காதீங்க. சட்டப்படி வாங்குறவங்கதான் ஒரு வருஷத்துக்குள்ள சரி பண்ணணும்."

"எதை வாங்குறவங்க?"

"வீட்டை."

* * *

லாகோம்ப் பேனாவை மூடினார். எழுதிய அட்டையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"எங்களுக்கு வந்த கடுதாசியில அப்படித்தான் இருந்துச்சு மதாம்."

"அந்தக் கடுதாசி உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா..."

"வீட்டுப் பத்திரத்துல என் பேரும் இருக்கு, மெசியே லாகோம்ப்."

அவர் எடுத்துக் கொடுத்தார். பிரெஞ்சில் எழுதத்தான் கிளெனிஸுக்குக் கை வராதே தவிர, நிதானமாகப் படிக்க வரும். நின்றபடியே படித்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் வீட்டை விற்க இருப்பதால், செப்டிக் டேங்கைப் பரிசோதித்து உரிய சான்று அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி உடல்நலம் குன்றியிருக்கிறார். அவருக்குத் தொந்தரவு ஏற்படாதவாறு, ஏதேனும் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் வருவது நல்லது. வீட்டில் ஒருவர் இருந்து கதவைத் திறந்துவிடுவார்.'

அடியில் கிளைவின் கையெழுத்து. கோணல் மாணலான அதே கையெழுத்துதான். ஆனால் கடிதம் அவர் எழுதியதில்லை.

கிளைவ் மளிகைச் சீட்டைக்கூடத் தனித்தனி அச்செழுத்தில் எழுதுகிறவர். இதுவோ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக் கூட்டெழுத்து. தலையில் சுருள் வைத்த பெரிய எழுத்துகள். ஒன்று என்ற எண்ணுக்கு மேலே கூரை இறக்கியது போல ஒரு நீளக் கோடு. இந்தக் கையெழுத்து உருவானதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் கிளெனிஸ். ஒன்பது வயதில் இந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்த டாம்சின், நெருக்கமாகக் கோடு போட்ட நோட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தச் சுருள்களைப் போட்டுப் பழகியது அதோ தெரிகிற சமையலறை மேஜையில்தான்.

அன்று தொடங்கிய ஏற்பாடு அது. தண்ணீர் அலுவலகமோ, மின்சாரமோ, காப்பீடோ, கடைசியாக பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தபோது குடியிருப்பு அட்டையோ, எதுவானாலும் எழுதுவது டாம்சின். கையெழுத்துப் போடுவது அப்பா. தபால்தலை ஒட்டுவது அம்மா. எழுதி முடித்தால் டாம்சினுக்கு ஒரு துண்டு எலுமிச்சை கேக். இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கெரே நகரத்தில் கண்ணாடிக் கடையில் வேலை. இன்னும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

இந்தக் கடிதத்துக்கு மட்டும் தபால்தலை ஒட்டியது யார்?

"நீங்க உக்காருங்க மதாம்," என்றார் லாகோம்ப். இந்த முறை அவர் குரலில் ஆஸ்பத்திரி இல்லை, வெட்கம் இருந்தது.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல மெசியே," என்றாள் கிளெனிஸ்.

"தெரியுது," என்றார் அவர். லாவண்டர் தொட்டியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே சரியாக வைத்துவிட்டுப் புறப்பட்டார். கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்.

* * *

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, கடைகள் சாப்பாட்டுக்கு அடைக்கும் நேரத்தில், கிளெனிஸ் மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா! நாளைக்குச் சாப்பாட்டுக்கு நான் என்ன வாங்கிட்டு வரணும்? ஸ்ட்ராபெரி கேக் சொல்லி வெச்சிருக்கேன்."

"செப்டிக் டேங்க் பாக்க ஆள் வந்துட்டுப் போயிட்டார் டாம்சின்."

மறுமுனையில் யாரோ கடைக் கதவுத் திரையை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா உன்கிட்ட சொல்லலையா?"

"நீ சொல்லலையே."

"ஈஸ்டருக்குள்ள சொல்லிடறேன்னாரு அம்மா. சத்தியமா. நான் ரெண்டு தடவை கேட்டேன். சொல்றேன் சொல்றேன்னாரு."

"எனக்கு என்ன வியாதி டாம்சின்?"

"அம்மா..."

"உன் கையால எழுதியிருக்கே. உடல்நலம் குன்றியிருக்கிறார்னு. படிக்கட்டுமா? அழகா எழுதியிருக்கே. உங்க டீச்சர் பாத்தா நட்சத்திரம் போட்டிருப்பாங்க."

"அப்பா சொன்னதை எழுதினேன். அவ்வளவுதான்."

"பொய்யுன்னு தெரிஞ்சுதானே எழுதினே?"

"ஆமா!" டாம்சினின் குரல் உடைந்து கோபமாக மாறியது. "ஒன்பது வயசுல இருந்து எழுதறேம்மா. மத்த பிள்ளைங்க வெளியில விளையாடும், நான் உங்களுக்கு வரி ஆபீஸுக்கு எழுதிட்டு இருப்பேன். பத்து வயசுல டாக்டர்கிட்ட உன் கர்ப்பப்பை கட்டியைப் பத்திப் பேசினது யாரு? நான். எழுதுன்னா எழுதுவேன். சொல்லுன்னா சொல்லுவேன். எனக்கு அதைப் பத்தி என்ன தோணுதுன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

கிளெனிஸ் சமையலறை மேஜையைப் பார்த்தாள். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் கூடுதலாக வலித்தது. மகளிடம் என்றோ கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அவள் இன்று பழிதீர்ப்பது போலத் திருப்பி வீசுகிறாள்.

"வேற என்ன எழுதினே? வேற எதுல கலந்துக்கிட்டே?"

"ஒண்ணுமில்ல. அந்த ஒரு கடுதாசி மட்டும்தான். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"சரி."

"நாளைக்கு நான் வரட்டா வேண்டாமா?"

"பன்னிரண்டு மணிக்கு வா," என்றாள் கிளெனிஸ். போனை வைத்த பிறகுதான் கையில் தக்காளி மண் அப்படியே காய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

* * *

கிளைவ் ஒரு மணிக்குத் திரும்பினார். கார் வழக்கம்போல வாசல்வரை வரவில்லை. தெருமுனையிலேயே நின்றது.

ஜன்னலிலிருந்து கிளெனிஸ் பார்த்தாள். அவர் இறங்கி, கையில் ரொட்டியோடு, வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சைத் தண்ணீர் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, தெருவின் நீளத்துக்கு, ஓடெத்தின் வாசலையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் ஒருத்தர் கண்ணுக்கும் தப்பாது.

கடைசியில் மெதுவாக நடந்து உள்ளே வந்தார்.

"நாளைக்குத்தானே வரணும்?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"நாளைக்கு லீவு கிளைவ். சந்தையும் கிடையாது. ரெண்டு மாசமா காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன். தேதி மாறினதை உன் போன்ல சொல்லியிருக்காங்க. பிரெஞ்சுல."

அவர் ரொட்டியை மேஜையில் வைத்தார். "ஒரு பொம்பளை குரல் வந்துச்சு. ஏதோ விளம்பரம்னு நினைச்சேன்."

"எப்பவும் போல என்கிட்ட குடுத்திருக்கலாமே. கேட்டுச் சொல்லியிருப்பேன்."

கிளைவ் நாற்காலியில் உட்கார்ந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டார். அது வலியால்தானா என்று கிளெனிஸ் முதல்முறையாகச் சந்தேகப்பட்டாள். அப்படிச் சந்தேகப்பட வேண்டி வந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நான் அங்கே கிடந்தேன் கிளென்," என்று முற்றத்தைக் காட்டினார். "ரெண்டு மணி நேரம். அந்தப்பக்கம் ரோட்டுல ஆள் போறது கேக்குது. கத்தணும். என்னன்னு கத்தறது? காப்பாத்துங்கன்னு இவங்க பாஷையில எப்படிச் சொல்றதுன்னு ஞாபகத்துக்கு வரல. பதினெட்டு வருஷம் கிளென். ரொட்டி, ஆணி, பலகை, சிமெண்டு எல்லாம் வருது. அந்த ஒண்ணு வரல. இங்கிலீஷ்ல கத்தினேன். மாடுங்கதான் திரும்பிப் பாத்துச்சு. நம்ம ஊர் டாக்டரும் ரிட்டயர் ஆயிட்டார், புதுசா யாரும் வரல. அடுத்த தடவை எனக்கு நெஞ்சு வலிச்சா நான் யாரைக் கூப்பிடுவேன்? இங்கிலாந்துல, லட்லோ ஊர்ல அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீடு பாத்தா போதும்."

இதை அவர் மார்ச் மாதமே சொல்லியிருந்தால் அவள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இதை என்கிட்ட சொல்ல உனக்கு எந்த பாஷை வேணும்? நமக்குள்ள ஒரே பாஷைதானே?"

"சொன்னா நீ வேண்டாம்னுவே."

"ஆமா, சொல்லுவேன். நீ கத்துவே. நானும் கத்துவேன். ரெண்டு நாள் பேசாம இருப்போம். அப்புறம் ஏதாவது ஒரு முடிவுக்கு வருவோம். முப்பத்தாறு வருஷம் அப்படித்தானே ஓட்டினோம்?"

"உன் கையெழுத்து இல்லாம ஒண்ணும் விக்க முடியாது. சட்டமே அப்படி. உன்னை ஏமாத்தணும்னா..."

"எப்ப கேக்கறதா இருந்தே கையெழுத்து?"

அவர் ரொட்டியின் நுனியைக் கிள்ளினார்.

"நல்ல இடமா ஆள் கிடைச்ச பிறகு."

"எல்லாம் முடிஞ்சு, வாங்குறவங்க வாசல்ல நிக்கும்போது. அப்ப நான் மாட்டேன்னா நான்தான் கெட்டவ. நீயும் உன் பொண்ணும் பாவம். அப்படித்தானே?"

"அப்படி நினைக்கல."

"சந்தைக்கு வந்தியே வியாழன் வியாழன். பாட்டிலைச் சுத்திக் குடுத்தியே. என் மேல பாசம்னு நினைச்சேன் கிளைவ். தங்கச்சிக்கு எழுதினேன்."

கிளைவ் தரையைப் பார்த்தபடி, "யாருக்கும் இன்னும் வீட்டைக் காட்டல. சான்றிதழ் மட்டும் வாங்கி வெச்சுக்கலாம்னுதான். இது சத்தியம்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த தரை, அவரே ஒவ்வொரு பலகையாக இழைத்துப் போட்டது. முதல் குளிர்காலத்தில். டாம்சின் ஆணி எடுத்துக் கொடுக்க, கிளெனிஸ் விளக்குப் பிடிக்க.

"சூப் அடுப்புல இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிளெனிஸ் தன் எழுதும் மேஜைக்குப் போனாள்.

* * *

கோடு போட்ட தாள். ஊதா மை. அகராதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் பிரெஞ்சில் எழுதும் முதல் அலுவலகக் கடிதம். நான்கு தாள் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போன பிறகு ஐந்தாவது இப்படி வந்தது:

'ஐயா, என் பெயர் கிளெனிஸ் மேடக். இந்த வீட்டின் பாதி என்னுடையது. இன்று செய்த பரிசோதனையை விற்பனைக்கானதாக எழுத வேண்டாம். நான் விற்கவில்லை. குழாயைச் சரிசெய்வது எப்படி என்று மட்டும் தெரிவிக்கவும், செய்கிறேன். நான் நலமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே எழுதினேன். சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொருளில் பிழை இல்லை.'

கையெழுத்தையும் தானே போட்டாள். தபால்தலையையும் தானே ஒட்டினாள்.

தபால் வண்டி மூன்றரைக்கு வரும். மறுநாள் வராது. கிளைவ் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி வெளியே வந்து, வாய்க்கால் ஓரமாகவே நடந்து, தெருமுனை மஞ்சள் பெட்டியில் கடிதத்தைப் போட்டாள்.

திரும்பும்போது ஓடெத் தன் வாசலில், நீல ஏப்ரனில் கை துடைத்தபடி நின்றிருந்தாள்.

"என்ன மதாம் கிளெனிஸ், உங்க வீட்டுத் தண்ணி இந்த நிறத்துல வருது? என் வாத்து ரெண்டும் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி பச்சை மூக்கோட வந்து நிக்குது."

"கெடுதல் இல்ல ஓடெத். சாயம்தான். ரெண்டு நாள்ல போயிடும்."

"நல்லதாப்போச்சு." ஓடெத் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வெயில்ல நடக்கலாமா? டாக்டர் என்ன சொன்னார்?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு யார் சொன்னா?"

"கேக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் கேக்கல. அம்மாகிட்ட ஒண்ணும் பேச்செடுக்காதீங்க, அவங்க உடைஞ்சு போயிடுவாங்கன்னு சொல்லிச்சே. இருந்தாலும் மனசு கேக்கல. போறீங்கன்னா வருத்தம்தான் எங்களுக்கு. ஆனா வீடு பாக்க வர்ற அந்த ஜோடி நல்லவங்களாத்தான் தெரியுது. அந்தப் பொண்ணு உங்க சமையலறையை டேப் வெச்சு அளந்தா. மேஜை பிடிக்குமா பிடிக்காதான்னு பாத்தா போல." ஓடெத் கொஞ்சம் தடுமாறினாள். "நான் எட்டிப் பாக்கணும்னு பாக்கல. கோழியைத் தேடி வந்தேன்."

"எப்ப ஓடெத்?"

"மூணு வியாழக்கிழமையா வர்றாங்களே. நீங்களும் மெசியேவும் சந்தைக்குக் கிளம்பின அரை மணியில."

"கதவை யார் திறந்துவிட்டா?"

ஓடெத்துக்கு இப்போது விஷயம் கொஞ்சம் விளங்க ஆரம்பித்திருந்தது. ஏப்ரனின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"வேற யாரு? சின்னவதான். டாம்சின். வியாழக்கிழமைதானே அவளுக்குக் கடை லீவு."

வீட்டில் ஒருவர் இருந்து கதவைத் திறந்துவிடுவார். காலையில் படித்தபோது கண் தாண்டிப் போன அந்த வரி, சுருள் வைத்த பெரிய எழுத்தோடு அவள் முன்னால் வந்து நின்றது. அந்த ஒரு கடுதாசி மட்டும்தான் என்று மகள் சொன்னாள். யாருக்கும் காட்டவில்லை, சத்தியம் என்று கணவர் சொன்னார். ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள். இல்லையென்றால், கிளைவுக்கே தெரியாமல் டாம்சின் யாரையோ கூட்டிவந்திருக்கிறாள். இதில் எது மோசம் என்று கிளெனிஸால் முடிவுசெய்ய முடியவில்லை.

தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நீலக் கதவு. அந்தக் கதவுக்கு மூன்று சாவி. அவளிடம் ஒன்று, கிளைவிடம் ஒன்று. மூன்றாவதை, டாம்சின் முதன்முதலாகத் தனியாகக் குடித்தனம் போனபோது, எப்போது வேண்டுமானாலும் வா கண்ணு என்று சொல்லி, சிவப்பு நாடா கட்டி அவள் கையில் கொடுத்தது இதே கிளெனிஸ்தான்.

"ரெனே வீட்டுல இருக்காரா ஓடெத்?"

"தூங்கறார். ஏன்?"

"வாசக்கதவுப் பூட்டை மாத்தணும். அவர்தானே ஊருக்கே மாத்திக் குடுக்கறார்."

"அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை காலையில வரச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை வேண்டாம். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு அவ சாப்பிட வர்றா." கிளெனிஸ் தன் கையை ஓடெத்தின் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டாள். "நாளைக்கு லீவு. இன்னிக்கே எழுப்புங்க."